கூரை திறந்த காரும் தவமலர் அக்காவும்

சித்திரையில் ஒரு வியாழக்கிழமை காலை. பாடசாலையின் இரண்டாம் மாடியை மொப்பால் துடைத்துக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசி அடித்தது. திரையில் சுதனின் பெயர். தவமலர் அக்காவின் ஒரே மகன். எட்டு மாதமாக என்னோடு ஒரு சொல் கதைக்காதவன். பெயரைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. மொப்பைச் சுவரில் சாத்திவிட்டு, ஈரத் தரையிலேயே நின்றுகொண்டு எடுத்தேன்.

"அன்ரி, அம்மா விடியப்புறம் போயிட்டா. நித்திரையிலேயே போயிட்டா. பின்னேரம் வீட்டை வாங்கோ" என்றான்.

நான் அழுதேன். அதை யாரும் சந்தேகப்பட வேண்டாம். ஆனால் அழுகையோடு அழுகையாக என் வாயிலிருந்து இன்னொன்றும் வந்தது. "அம்மாளாச்சி, நல்ல காலம், நாங்கள் அந்தப் பயணம் போட்டு வந்திட்டம்!" செத்த வீட்டுச் செய்தி கேட்ட வாயால் நல்ல காலம் என்று சொல்லிவிட்டேனே என்று வெட்கப்பட்டு, நடைபாதையில் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பிள்ளைகள் வருவதற்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. நீங்கள் இதை வாசிக்கும் இன்றைக்கு அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. இதற்கிடையில் அந்த வெட்கம் எனக்குப் போய்விட்டது. ஏன் போனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஜெர்மனியில், இந்தக் கெல்சென்கிர்ச்சனில் இருக்கும் உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அக்காவைத் தெரியும். கோயில் மடைப்பள்ளியில் கண்டிருப்பீர்கள், கலியாண வீடுகளில் பலகாரம் சுடக் கண்டிருப்பீர்கள். நான் கண்ட அக்கா வேறு. இருபத்திரண்டு வருடம் நாங்கள் இருவரும் ஒரே பாடசாலையைத் துப்புரவு செய்தோம். அவர் என்னைவிட ஏழு வயது மூத்தவர். கணவர் இறந்த பிறகு, நாற்பத்தொன்பதாவது வயதில் சாரதிப் பத்திரம் எடுத்தவர். எழுத்துச் சோதனையில் இரண்டு தரம் கோட்டை விட்டுவிட்டு, மூன்றாம் தரம் போய், ஒரு பிழையும் இல்லாமல் வெளியில் வந்தவர். கேட்டால், "முதல் ரெண்டு தரமும் கேள்வி என்னெண்டு பாக்கப் போனனான்" என்பார்.

அந்தக் காரைப் பற்றி ஊரெல்லாம் கதைத்தீர்கள். அது வந்த விதத்தை ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் பாடசாலையின் ஹவுஸ்மைஸ்ரர், அதாவது கட்டடத்தைப் பராமரித்த மனிதர், கோடை காலத்தில் மட்டும் அதில் வருவார். கடும்பச்சை நிறம். இரண்டு பேர்தான் இருக்கலாம். கூரை துணியால் ஆனது. அவர் ஓய்வு பெற்ற வருடம் முழங்கால் மடங்கவில்லை என்று அதை விற்கப் போவதாகச் சொன்னார். அக்கா கையில் வாளியோடு காரை மூன்று தரம் சுற்றி வந்தார். பிறகு என் காதுக்குள், "எடி ரதி, கூரை என்னண்டு திறக்கிறதெண்டு கேள்" என்றார். அவருடைய ஜெர்மன் என்னுடையதைவிட நல்லது. வெட்கத்தில் என்னைக் கேட்கவைத்தார். அந்த மனிதர் இரண்டு கொளுவிகளைக் கழற்றிக் கூரையைப் பின்னால் தள்ளினார். அக்கா ஏறி உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்.

பேருந்தில் திரும்பி வரும்போது சொன்னார்: "இருவது வருசமா யன்னல் துடைச்சதெல்லோ ரதி. எல்லாத்தையும் கண்ணாடிக்கு உள்ளுக்க நிண்டுதான் பாத்தனாங்கள். ஒருக்காக் கண்ணாடி இல்லாமப் பாக்க வேணும்."

'இந்த வயதில் கண்டறியாத காரொன்று' என்று நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். நானும்தான் சொன்னேன், எனக்கென்ன பெரிய கொம்பா? "மழை பெய்தால் என்னக்கா செய்வியள்?" என்று கேட்டேன். "நனைவன்" என்றார்.

கார் வந்த கையோடு பயணத் திட்டமும் வந்துவிட்டது. ஐரோப்பாவில் முப்பத்தைந்து வருடம் இருந்தும் நாங்கள் கண்ட ஐரோப்பா என்ன? பாரிசில் ஒரு மண்டபம், சுவிசில் ஒரு மண்டபம், லண்டனில் ஒரு மண்டபம். சாமத்தியவீடு, கலியாணவீடு, செத்தவீடு. போகும்போது பின் இருக்கையில் நித்திரை, வரும்போது மடியில் பலகாரப் பெட்டி. வழியில் மலை இருந்ததா கடல் இருந்ததா என்று யாருக்குத் தெரியும்? அக்கா அந்த மலையையும் கடலையும்தான் பார்க்க விரும்பினார். சுவிஸ் மலைகளைக் கடந்து இத்தாலியில் கடல் தொடங்கும் இடம்வரை. கூரை திறந்தபடி.

திட்டத்தை எழுத அவர் பயிற்சிப் புத்தகம் வாங்கவில்லை. கொம்பனி எங்களுக்குத் தரும் துப்புரவு அட்டவணைத் தாள்களை எடுத்தார். அதில் அறை, நேரம், குறிப்பு என்று மூன்று நிரல்கள் இருக்கும். அறை என்ற இடத்தில் ஊரின் பெயர். நேரம் என்ற இடத்தில் எத்தனை மணிக்கு யார் ஓட்டுவது. குறிப்பு என்ற இடத்தில் கழிப்பறை எங்கே இருக்கிறது. எல்லாத் தாளிலும் கழிப்பறை சரியாகக் குறித்திருந்தது. ஏனென்றால் மாசி மாதத்தில் அவருடைய இதயத்தில் ஒரு வால்வு பழுது என்று கண்டுபிடித்து, உடம்பில் நீர் தங்காமல் இருக்கக் குளிசை கொடுத்திருந்தார்கள். ஐப்பசியில் சத்திரசிகிச்சைக்கு நாள் வைத்தார்கள். 'அதற்கு முன் போகலாமா?' என்று அக்கா மருத்துவரிடமே நேரே கேட்டார். போகலாம், ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நீங்கள் ஓட்டக் கூடாது, மூச்சு வாங்கினால் அத்தோடு நிறுத்த வேண்டும் என்றார் அவர். மிச்சத்தை ஓட்ட இன்னொரு ஆள் வேண்டும். இருப்பது இரண்டே இருக்கை. அந்த இன்னொரு ஆள் நான்.

நான் சந்தைக்கும் கோயிலுக்கும் கார் ஓட்டுபவள். ஓட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலைப் பக்கமே போகமாட்டேன். ஞாயிறு காலைகளில் அக்கா என்னை இழுத்துக்கொண்டு போய் ஒரு நுழைவாயிலில் ஏற்றி அடுத்ததில் இறக்குவார். பிறகு இரண்டு, பிறகு மூன்று. பெரிய லொறி பக்கத்தில் வந்தால் நான் கண்ணை மூடுவேன். "கண்ணை மூடினால் அது போயிடுமோ? திறந்து பார், அதுவும் உன்னைப் போலத்தான் வேலைக்குப் போகுது" என்பார்.

ஒரு சனிக்கிழமை திட்டத்தைப் பார்த்துவிட்டு எனக்குக் கோபமே வந்தது. எல்லோரும் பயணத்தை மெதுவாகத் தொடங்கி, ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டு தூரம் போவார்கள். அக்காவோ முதல் மூன்று நாளில் ஒன்றையும் பார்க்காமல் நேரே இத்தாலிக் கடற்கரைக்கு ஓடி, அங்கிருந்து ஏழு நாளில் ஆறுதலாக வீட்டை நோக்கி வருவதாக எழுதியிருந்தார். "இதென்னக்கா தலைகீழ்ப் பயணம்?" என்றேன்.

"எடியே, நீ வகுப்பறையை எங்க இருந்து துடைக்கிறனி?"

"தூர மூலையில இருந்து."

"ஏன்?"

"வாசலில தொடங்கினால் துடைச்ச இடத்தில மிதிக்க வேணுமெல்லோ."

"அதுதான். எனக்கு எந்த நாளில ஏலாமல் போகுமெண்டு தெரியாது. தூர மூலைக்கு நல்ல உடம்போட போயிட்டம் எண்டால், பிறகு ஒவ்வொரு நாளும் வாசலுக்குக் கிட்ட வாறம். எந்த இடத்தில விட்டாலும் வீடு கிட்ட." உயிருக்குப் பயந்தவர் போட்ட திட்டம் அல்ல அது. உயிரைக் கணக்கில் எடுத்துப் போட்ட திட்டம். அன்றைக்குத்தான் அவருக்கு உள்ளுக்குள் எவ்வளவு பயம் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரிந்தது.

ஒரே ஒரு கட்டளை போட்டார். ஒருவருக்கும் சொல்லக் கூடாது, ஒரு வீட்டுக்கும் போகக் கூடாது. சுவிசில், பாசலில் அவருடைய மச்சாள் இருந்தார். அவர் வீட்டுக்குமா போவதில்லை என்று கேட்டேன். "ஒருத்தற்றை வீட்டை போனால் மற்ற ஆக்களுக்குக் கோவம். ஒருத்தற்றையும் போகாட்டில் எல்லாருக்கும் ஒரே அளவு கோவம். அது நீதியெல்லோ" என்றார்.

அந்தக் கட்டளையை நான்தான் உடைத்தேன். ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேரன்று, வெயிலில் மோர் குடித்துக்கொண்டு நின்றபோது, பாரிசிலிருந்து வந்த ஒரு தெரிந்த முகம், "விடுமுறைக்கு எங்கை?" என்று கேட்டது. என் நாக்கில் சனி. "அக்காவோட இத்தாலிக்கு" என்று சொல்லிவிட்டேன். தேர் இருப்புக்கு வர முன்பே செய்தி பாரிசுக்கும் பாசலுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் அக்கா வீட்டு வாசலில் பொதிகள். பாசலுக்கு வறுத்த மிளகாய்த்தூள் ஐந்து கிலோ. சூரிச்சுக்குக் கூறைச்சேலை. மிலானில் படிக்கும் யாரோ ஒரு பிள்ளைக்குச் சோறு சமைக்கும் சட்டி. இதை வாசிக்கும் உங்களில் சிலர் அன்று பொதி கொண்டுவந்தவர்கள்தான், ஒளிக்க வேண்டாம். அக்கா ஒருவரையும் மறுக்கவில்லை. எல்லோரையும் கீழே கூட்டிக்கொண்டு போய், காரின் பின்பெட்டியைத் திறந்தார். அதற்குள் எங்கள் இருவருடைய இரண்டு சின்னப் பைகளும் வைத்தால் ஒரு தேசிக்காய்க்கும் இடமில்லை. "இதுக்குள்ள வைக்க ஏலுமெண்டால் வைச்சுப்போட்டுப் போங்கோ" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். நீங்கள் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தீர்கள். பிறகு அவரவர் பொதி அவரவர் கையில். வழியில் எங்களுக்குச் சமைக்கவென்று நான் ஆசையாகக் கொண்டுவந்திருந்த சோற்றுச் சட்டிக்கும் அதே கதிதான். "ரதி, அது வாறதெண்டால் நீ நில்" என்றார்.

பொதிகள் திரும்பிப் போயின. செய்தி திரும்பிப் போகவில்லை. அது ஸ்ருட்கார்ட்டில் இருக்கும் சுதனுக்குப் போய்விட்டது. அவன் தாயைக் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டான்.

"அன்ரி, அம்மா நான் சொல்லிக் கேக்கமாட்டா. ஒப்பரேசன் முடிஞ்சு சுகமா வரட்டும். நானே கூட்டிக்கொண்டு போறன், எங்க வேணுமெண்டாலும். அப்பா போகேக்கையும் நான் பக்கத்தில இல்லை. அம்மாவும் எங்கையோ ஒரு றோட்டில... நீங்கள் ஏலாதெண்டு சொன்னால் காணும். நீங்கள் இல்லாமல் அவ போக ஏலாது. எனக்குச் சத்தியம் பண்ணுங்கோ."

அவன் அழுதான். முப்பத்தைந்து வயது மனிதன் தொலைபேசியில் அழுதால் என்ன செய்வது? அவன் சொன்னதில் என்ன பிழை? நான் சத்தியம் பண்ணினேன்.

அன்று பின்னேரமே அக்கா வீட்டுக்குப் போனேன். மேசையில் அட்டவணைத் தாள்கள். சேலை கட்டிக்கொண்டு அந்தக் காரில் ஏற இறங்க ஏலாது என்று புதிதாக வாங்கிய இரண்டு காற்சட்டைகள். தலைமயிர் பறக்காமல் கட்ட இரண்டு துணிகள், ஒன்று எனக்கு. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே, "முழங்காலில சரியான நோவக்கா. என்னாலை இனி கார் ஓட ஏலாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொன்னேன். "எந்தக் கால்?" என்று மட்டும் அக்கா கேட்டார். வலது என்றேன். தாள்களைச் சேர்த்து மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, தேத்தண்ணி போட எழுந்து போனார். குசினிக்குள் கேத்தல் கொதித்து ஓய்ந்த பிறகும் அவர் திரும்பி வர வெகு நேரம் எடுத்தது. அந்தத் தேத்தண்ணியை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலை பாடசாலையில் நான் நொண்டினேன். பொய் சொன்னால் முழுக்கச் சொல்ல வேண்டுமே. படியில் அக்கா எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

"ரதி, நேற்று வலது காலெல்லோ?"

நான் நின்றேன். நொண்டிக்கொண்டிருந்தது இடது கால். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. அந்தப் படியிலேயே குந்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சுதன் அழுததையும் சொன்னேன். அக்கா ஏறி வந்து என் பக்கத்தில் இருந்தார். கோபிக்கவில்லை. மூச்சு வாங்கி முடியும்வரை பொறுத்திருந்து கதைத்தார்.

"அவன் சொல்லுறது சரி. அவன் பிள்ளை, அப்பிடித்தான் சொல்ல வேணும். ஆனால் நான் ஒப்பரேசனுக்குப் பயந்து ஓடுறன் எண்டு நினைக்கிறான் போல. இல்லையடி. பயணம் போகாமல் ஒப்பரேசனுக்குப் படுத்தன் எண்டால், போகாத இடத்தை நினைச்சுக்கொண்டு படுப்பன். போட்டு வந்து படுத்தால், போன இடத்தை நினைப்பன். எனக்கு அவ்வளவுதான் வித்தியாசம். நீ சத்தியம் பண்ணிப்போட்டாய். அது உன்ர பாடு. நான் உன்னைக் கேக்க மாட்டன்."

எழுந்து போய்விட்டார். நான் முதலாம் மாடி முழுவதையும் துடைத்தேன். ஒன்பது வகுப்பறை. ஒவ்வொரு அறையிலும் ஒரு தரம் போவதென்றும் ஒரு தரம் நிற்பதென்றும் முடிவெடுத்தேன். ஒன்பதாவது அறை முடிந்ததும் மொப்பையும் கையில் தூக்கிக்கொண்டு மேலே ஓடினேன், இரண்டு காலாலும். "அக்கா, நான் வாறன்!" என்று கத்தினேன். அவர் கரும்பலகை துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே, "அப்ப முழங்காலுக்கு எண்ணெய் பூசு" என்றார். சுதனுக்கு அன்றே தொலைபேசி எடுத்து, நான் போகிறேன் என்று சொன்னேன். அவன் தொலைபேசியை வைத்துவிட்டான்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை புறப்பட்டோம். தலையில் துணி கட்டிக்கொண்டு, புட்டுப் பானைக்குச் சீலை சுற்றினது போல இரண்டு பேரும் இருந்தோம். சுவிஸ் எல்லை கிட்ட வர, என்னை அறியாமல் கடவுச்சீட்டை எடுத்து மடியில் வைத்தேன். அக்காவோ ஒரு தடித்த ஆவணக் கோப்பையே எடுத்தார். கடவுச்சீட்டு, பிரசாவுரிமைக் கடிதம், பதிவுத் திருமணச் சான்றிதழ், இறந்துபோன கணவரின் மரணச் சான்றிதழ், மாசி மாதத்து இருதயப் படம்வரை. எங்கள் உடுப்பைவிட அது பாரம். பக்கத்து ஊருக்குப் போகவே அனுமதிக் கடிதம் கேட்ட அகதிக் காலம் எங்கள் இருவருக்கும் எலும்பில் ஊறிக் கிடந்தது. காவலர் சும்மா போகச் சொல்லிக் கை காட்டினார். அக்கா போகவில்லை. காரை நிறுத்திக் கோப்பை இரண்டு கையாலும் நீட்டினார். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். காவலர் குனிந்து கோப்பைப் பார்த்தார், எங்கள் தலைத்துணிகளைப் பார்த்தார், பிறகு காரைப் பார்த்து, வடிவான கார், எத்தனையாம் ஆண்டு என்று கேட்டார். அவ்வளவுதான். அடுத்த தரிப்பிடத்தில் நிறுத்தி வயிறு நோகச் சிரித்தோம். "முப்பத்தஞ்சு வருசமா நான் ஒழுங்கா அடுக்கி வைச்சிருக்கிறன், ஒருத்தனும் பாக்கிறானில்லை!" என்றார் அக்கா.

மூன்றாம் நாள் தூர மூலைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஜெனோவாவுக்குக் கிழக்கே ஒரு சின்னக் கடற்கரை ஊர். மணலுக்கு இறங்க நாற்பது ஐம்பது படி இருந்தது. அக்கா படிகளைப் பார்த்தார், வேண்டாம் என்றார். காரைக் கடலைப் பார்த்தபடி நிறுத்தி, கூரையைத் திறந்து, சப்பாத்தைக் கழற்றி, இரண்டு காலையும் தூக்கி முன்பலகையில் வைத்தார். அறுபத்து நாலு வயதுப் பெண், கோயிலில் ஓரமாக ஒதுங்கி நிற்கும் மனுசி! யாராவது பார்க்கப் போகிறார்கள் என்றேன். "பாக்கட்டும். இருவத்திரண்டு வருசம் நிண்ட கால்" என்றார். பாணும் சீனிச்சம்பலும் சாப்பிட்டோம். காற்றில் துணி அவிழ்ந்து அவருடைய நரைமயிர் நாலாபக்கமும் பறந்தது. இரண்டு மணித்தியாலம் அப்படியே இருந்தோம். "இனி எல்லாம் வீட்டுப் பக்கம்தான்" என்றார். அவர் இவ்வளவு நிம்மதியாக மூச்சு விட்டு நான் அந்த வருடம் கண்டதில்லை.

திரும்பும் வழியில் ஏரிகள், மலைக் கணவாய், கறுப்புக் காடு. கணவாயில் நான் ஓட்டினேன். ஒவ்வொரு வளைவிலும் அக்கா சோதனைக்காரர் போல ஜெர்மனில் எனக்குப் புள்ளி போட்டார். ஒன்பதாம் நாள் காலை, ரைன் கரையில் கொப்லென்ஸ் பக்கத்து விடுதியில், சாப்பாட்டு மேசையிலேயே அக்காவுக்கு மூச்சு இழுத்தது. விடுதிக்காரி மருத்துவரைக் கூப்பிட்டாள். அவர் வந்து பார்த்து, மருந்து கொடுத்து ஆற்றி, காரில் உட்கார்ந்து போகலாம், ஆனால் இன்றைக்கே உங்கள் வைத்தியசாலைக்குப் போக வேண்டும், ஓட்டவே கூடாது என்றார். வீட்டுக்கு இரண்டு மணித்தியாலம். இரண்டே இரண்டு. அதுவே முதல் மூன்று நாளில் நடந்திருந்தால்? அதை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

நான் ஓட்டினேன். இரண்டு பக்கமும் லொறிகள். கண்ணை மூடவில்லை. அக்கா கூரையை மூட விடவில்லை, மூடினால் மூச்சு முட்டுது என்றார். அழுதுகொண்டு ஓட்டினேன். காற்றுக்குக் கண்ணீர் காதுப் பக்கம் போனது. "நூற்றிப் பத்தில போறாய், கெட்டிக்காரி" என்று பக்கத்தில் மெல்லிய குரல் கேட்டது.

வைத்தியசாலையில் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு விட்டார்கள். அந்த முதல் நாள் சுதன் ஸ்ருட்கார்ட்டிலிருந்து வந்து சேர்ந்தான். நடைபாதையில் என்னைக் கடந்து போனான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஐப்பசியில் சத்திரசிகிச்சை சரியாகவே நடந்தது. ஆனால் பிறகு காய்ச்சல், கிருமித் தொற்று, திரும்பவும் கட்டில். அக்கா மூன்றாம் மாடி வீட்டிலிருந்து தானாகப் படி இறங்கவேயில்லை. நான் வாராவாரம் சோறு கொண்டுபோவேன், சுதன் வரும் நாட்களைத் தவிர்த்து. கார் கீழே மூடியபடி நின்றது. அவன் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்ன அந்த 'பிறகு' வரவேயில்லை. அந்த எட்டு மாதமும் எனக்குள் ஒரு கேள்வி அரித்தது. அந்தப் பயணம்தான் அக்காவின் உடம்பைக் கெடுத்ததா? ஒரு பிள்ளையின் கண்ணீருக்குச் செய்த சத்தியத்தை மீறி, ஒரு தாயைச் சாவுக்குத் தள்ளிவிட்டேனா? மருத்துவர் இல்லை என்றார். அக்கா விசர்க்கதை கதைக்காதே என்றார். எனக்கு அதைச் சுதன் சொல்ல வேண்டியிருந்தது.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவன்று, சனமெல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு, நான் குசினியில் சட்டி கழுவிக்கொண்டு நின்றேன். சுதன் வந்து கதவடியில் நின்றான்.

"அன்ரி, ஒரு கதை சொல்ல வேணும். ஒப்பரேசன் அண்டு, மயக்க மருந்து குடுக்கிற நேர்ஸ் அம்மாவை வடிவான ஒரு இடத்தை நினைக்கச் சொல்லியிருக்கிறா. எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லுறதாம். அம்மா, நினைக்கத் தேவையில்லை, சொல்லுறன் எண்டு தொடங்கிட்டாவாம். கடல் இருக்கு, கூரை இல்லை, நான் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறன், என்ர சிநேகிதி ரதி ஓட்டுறா எண்டு. நிண்ட ஆக்களெல்லாம் சிரிச்சவையாம். அம்மாவும் சிரிச்சுக்கொண்டுதான் மயங்கினவா. பிறகு அந்த நேர்ஸ் என்னட்டை வந்து, யார் அந்த ரதி எண்டு கேட்டவா."

நான் சட்டியை வைத்துவிட்டேன்.

"நான் அண்டைக்கே உங்களுக்கு எடுத்திருக்க வேணும். வெக்கமாக் கிடந்தது அன்ரி. நான் சொன்னதை நீங்கள் கேட்டிருந்தால், அம்மா அந்த மேசையில கிடந்து எதைச் சொல்லியிருப்பா?"

ஈரக் கையோடு அவனைக் கட்டிப் பிடித்து அழுதேன். எட்டு மாதமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ இரண்டு கையாலும் தூக்கி எடுத்ததுபோல இருந்தது. பிறகு அவன்தான் கேட்டான்: "அந்தியேட்டி நினைவுப் புத்தகத்துக்கு எல்லாரும் அம்மா நல்லவ, பக்தி உள்ளவ எண்டு எழுதித் தருவினம். நீங்கள் பயணத்தை எழுதித் தாங்கோ." எழுதிவிட்டேன்.

அக்காவின் பொருள் என்று என்னிடம் ஒன்றும் இல்லை. சேலை தரட்டுமா, படம் தரட்டுமா என்று சுதன் கேட்டான். வேண்டாம் என்றேன். என் ஆயுளில் அம்மாவுக்கு, கணவனுக்கு, பிள்ளைகளுக்கு, கொம்பனிக்கு என்று எத்தனையோ பேருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் காப்பாற்றினேன். சுதனுக்குக் கொடுத்த ஒன்றை மட்டும் மீறினேன். அக்காவின் நினைவாக நான் வைத்திருப்பது அந்த ஒன்றைத்தான்.